முப்பத்தொரு பிள்ளைகளின் ஞானத்தாய்

என் தோளில் கை இல்லை. என் ஞானத்தாயை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் உறுதிபூசுதல் நடக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளை கவுனும் நெட் முக்காடுமாக இருபது முப்பது பெண்பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிறோம். ஆயர் ஒவ்வொருவர் நெற்றியிலும் எண்ணெய் பூசிக்கொண்டே வருகிறார். அவர் நம் முன்னால் வரும்போது ஞானஸ்நானத்தில் நம்மை ஏந்திக்கொண்ட ஞானத்தாய் நமக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்திருக்க வேண்டும். 'இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு' என்று அதற்கு அர்த்தம். ஆயர் எனக்கு மூன்று பிள்ளைகள் தள்ளி வந்துவிட்டார். என் தோள் சும்மாவே இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பக்கத்துப் பெண்ணின் இரண்டு தோளிலும் இரண்டு கைகள். ஒன்று அவளுடைய ஞானத்தாயின் கை. இன்னொன்றில் கறுப்புப் பட்டை போட்ட ஆம்பிளை வாட்ச். அது என் ஞானத்தாயின் கை.

அந்தப் பெண் அதிர்ஷ்டக்காரி, ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது. என்னைக் காப்பாற்றியது உபதேசியார்தான். பூஜை சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கிழவர். எப்படியோ கவனித்துவிட்டு ஓரமாக ஓடிவந்து, சாம்பிராணிக் கரி அப்பிய கையை அப்படியே என் தோளில் வைத்தார். ஆயர் எதையும் கவனிக்கவில்லை. எண்ணெய் பூசினார், போனார். என் புது கவுனில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டன. வீட்டுக்கு வந்து அம்மா அதைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தலையணை உறையாக வெட்டிவிட்டார்.

ஞானத்தாய் வேண்டுமென்று செய்யவில்லை. அன்று காலையில் வேறொரு கோயிலில் இன்னொரு பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். அதை முடித்துவிட்டு ஆட்டோ பிடித்து வியர்க்க விறுவிறுக்க வந்து வரிசைக்குப் பின்னால் நுழைந்திருக்கிறார். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை முக்காடு. எல்லா கவுனும் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் எடுத்தது. எது தன் பிள்ளை என்று தெரியாமல், உயரம் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு தோளில் கையை வைத்துவிட்டார். மனிதர்தானே என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் கேக்கைக்கூடத் தொடவில்லை.

அவருக்கு மொத்தம் முப்பத்தொரு ஞானப் பிள்ளைகள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒருவருக்கு இரண்டு பேர், மிஞ்சிப் போனால் நான்கு பேர் இருப்பார்கள். ஆனால் அவருக்குக் கைராசி என்று ஒரு பேச்சு எங்கள் பக்கத்தில் கிளம்பிவிட்டது. அவர் ஏந்திக்கொண்டால் ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழும்போது குழந்தை அழாதாம், நோய் நொடியில்லாமல் வளருமாம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் வீடு, ரயில்வேக்காரர்கள் வீடு, படகுக்காரர்கள் வீடு, எங்கே பிள்ளை பிறந்தாலும் காலடிப்பேட்டையில் இருந்த அவர் வீட்டுக்கு ஆள் போய்விடும். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்தநாள், புதுநன்மை, உறுதிபூசுதல், கிறிஸ்துமஸுக்குத் துணி, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பது. இதற்கு நடுவில் ராயபுரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் வேலை. அதற்கு மேல் பாட்டுக் குழு, தெரு ஜெபக் கூட்டத்துக்குத் தலைவி, சாவு வீட்டில் முதலில் போய் ஜெபமாலை சொல்கிறவர், திருவிழாவுக்குத் தேர் ஜோடிக்கிறவர். அவருடைய இரண்டு பையன்களும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவர் வீட்டுக்காரர், இவளைப் பார்க்க வேண்டுமென்றால் நானும் போய் ஒரு ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ள வேண்டும்போல என்று சொல்லிச் சிரிப்பார்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது ஞானத்தாய் அம்மாவிடம் வந்து அழுதார். எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பன்னெண்டு வருசமா ஞானத்தாய்னு சொல்லிகினு திரியறேன். எம்பொண்ணு எதுன்னு என் கைக்குத் தெரியலியே" என்றார். அம்மா சமாதானம் சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த சில வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. அவருடைய தெருவுக்கு அடுத்த தெருவில் அவருடைய கடைசி ஞானப் பிள்ளை, ஒரு பெண் குழந்தை இருந்தது. அதற்கு அப்போது இரண்டரை வயது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், போனால் பத்து நாள் கடலிலேயே இருப்பார். அம்மா இறால் உரிக்கும் கம்பெனியில் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். குழந்தை இன்னும் பேசவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு லேட்டாகத்தான் வரும் என்று எல்லோரும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் அண்ணனுடைய பிறந்தநாளில் கட்டியிருந்த பலூன்கள் வெயிலில் படபடவென்று வெடித்தன. அங்கிருந்த குழந்தைகளெல்லாம் அலறின. இது மட்டும் தலையைக்கூடத் திருப்பாமல் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தது ஞானத்தாய்தான். மறுநாளே அந்த அம்மாவுக்கு லீவு போட வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காது கேட்கவில்லை என்று சோதனையில் தெரிந்தது.

நகரத்தின் தெற்குப் பக்கம் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று இருந்தது. மெஷின் மாட்டி, கொஞ்சநஞ்சம் கேட்கிற காதைப் பழக்கிப் பேச வைப்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் காலையில் ஒரே ஆள் குழந்தையோடு வந்து வகுப்பில் கூடவே உட்கார வேண்டும். அந்த ஆள்தான் மீதி நேரமெல்லாம் குழந்தையிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு ஒருத்தர் நாளைக்கு ஒருத்தர் என்று வந்தால் சேர்க்க மாட்டார்கள். ஒரு வார்த்தை ஆயிரம் தடவை காதில் விழுந்தால்தான் ஒரு தடவை வாயில் வரும் என்று அங்கே டீச்சர் சொன்னாராம். ஐந்து வயதுக்குள் பேச்சைப் பிடிக்க வேண்டும், விட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. ஆக, போக ஆள் இல்லை.

ஞானத்தாய் போவதென்று முடிவு செய்தார். ரயில்வேயில் கேட்டு மத்தியான ஷிப்டை நிரந்தரமாக வாங்கிக்கொண்டார். பாட்டுக் குழுவை விட்டார், தலைவி பதவியை விட்டார், தேர் ஜோடிப்பை விட்டார். இதெல்லாம் ஊர் ஜீரணித்துக்கொண்டது. ஜீரணிக்க முடியாதது அடுத்ததாக அவர் செய்த காரியம். மீதி முப்பது ஞானப் பிள்ளைகளின் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நேரில் போய், இனிமேல் நான் வர மாட்டேன் என்று சொன்னார். பெற்றவர்களிடம் இல்லை, பிள்ளையைக் கூப்பிட்டு, பிள்ளையிடம் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றாவது ஞாயிறு. அன்றைய கோபத்துக்குச் சமாதானமாக ஏதோ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பையைத்தான் பார்த்தேன். பை இல்லை. காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிலில் எதிரே உட்கார வைத்தார். அவர் எதை ஆரம்பித்தாலும் 'இத பாரு' என்றுதான் ஆரம்பிப்பார். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் 'இன்னா' என்று ஒரு இழுப்பு இழுப்பார்.

"இத பாரு. உன்னாண்ட சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். இனிமே நான் உனக்கு வரமாட்டேன். பொறந்த நாளுக்கு வரமாட்டேன், கவுனு எடுத்தாரமாட்டேன். உன்னைப் புடிக்காம இல்ல. முப்பத்தோரு பேருக்கும் வரேன் வரேன்னு சொல்லி யாருக்குமே நான் ஒழுங்கா வரல, நீயே பாத்த இல்ல. அந்தப் பொண்ணுக்கு நாள் பூரா ஒரு வாயி வேணும். உனக்கு நான் இல்லன்னாலும் அம்மா கீறாங்க, பேசறதுக்குத் தெருவே கீது. அத்துக்கு யாரு கீறா? என்னைத் திட்டணும்னா இப்பவே திட்டிடு, இன்னா?"

நான் திட்டவில்லை. "போங்க" என்றேன். எனக்கும் நீங்கதான் வேணும் என்பதுதான் வாய் வரைக்கும் வந்தது. பன்னிரண்டு வயதில் அதைச் சொல்கிற தைரியம் யாருக்கு இருக்கும்? அவர் எழுந்து போனார்.

ராயபுரமே கொதித்தது. ஞானத்தாய் வேலையை யாராவது ராஜினாமா செய்வார்களா? ஒரு வீட்டில் பத்து வருஷத்து கவுன்களையும் மூட்டையாகக் கட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்களாம். அவரும் வாங்கிக்கொண்டு வந்து, நல்லதாகப் பார்த்து அந்தக் குழந்தைக்கு எடுத்து வைத்தாராம். இன்னொரு குடும்பம் பங்குச் சாமியாரிடம் போய், வேறு ஆளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டது. ஞானஸ்நான ரிஜிஸ்டரில் அடித்து எழுத இடமில்லை என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். ஆக, பேப்பரில் அவர்தான் என் ஞானத்தாய்; நிஜத்தில் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் ரொம்பத்தான் பிகு என்றார்கள். என் அம்மா மட்டும், அந்த மனுஷி முகத்துக்கு நேரே வந்து சொல்லிற்று, நாமெல்லாம் சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறோம் என்றார். எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது.

எட்டாவதிலிருந்து எனக்குப் பாரிமுனைப் பக்கம் பள்ளிக்கூடம். மாதத்துக்கு ஒரு தடவை சீசன் டிக்கெட் எடுக்க ராயபுரம் ஸ்டேஷனுக்குச் சாயங்காலம் போவேன். இரண்டு கவுண்டர். அவருடைய கவுண்டரில் ஒரே ஒருத்தர் நின்றாலும், பக்கத்துக் கவுண்டரில் இருபது பேருக்குப் பின்னால் போய் நிற்பேன். அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். இப்படி ஏறக்குறைய இரண்டு வருஷம். எனக்கு ரோஷம் அதிகம், கால் வலிதான் மிச்சம்.

குழந்தைக்கு ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். ஏதோ சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். முப்பது பேரை விட்டுவிட்டு இந்த அம்மா என்னத்தைச் சாதித்தது என்றார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. அந்தக் குழந்தை பேசாமலே போனால் அவர் எங்களிடம் திரும்பி வந்துவிடுவார் என்று ஒரு கணக்கு.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, பீச் ஸ்டேஷன் போகிற ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். திருவொற்றியூரிலிருந்து வருகிற வண்டி, நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஞானத்தாய், மடியில் அந்தப் பெண். மார்பில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மெஷின், அதிலிருந்து இரண்டு காதுக்கும் வயர். நான் சட்டென்று ஒரு மீன்கூடைக்கார அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ராயபுரத்திலிருந்து பீச் ஒரே ஸ்டேஷன், ஐந்தாறு நிமிஷம். அந்த ஐந்தாறு நிமிஷமும் அவர் வாய் ஓயவில்லை. வெளியே சரக்கு லைனில் துறைமுகத்துக் கண்டெய்னர்கள் வரிசையாக நின்றன. "இத பாரு, பொட்டி. சேப்புப் பொட்டி. அப்பால நீலப் பொட்டி. எம்மாம் பெரிய பொட்டி, இன்னா? பொட்டி மேல பொட்டி. கப்பல்ல போவும் பொட்டி." குழந்தை ஒரு கையை அவர் தொண்டையில் வைத்துக்கொண்டு அவர் வாயையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தது. குரல் கம்மிப் போயிருந்தது அவருக்கு. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, காது கேட்காத பிள்ளையிடம் எதற்கு இப்படித் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறாய் என்று கேட்டார்.

"கேக்காததாலதான் பேசறேன். கேக்கற புள்ளன்னா சும்மா குந்திகினு இருந்திருப்பேன்" என்றார் ஞானத்தாய். சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தார். பேச்சு நின்றது. குழந்தை அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடித்துக் கீழே இழுத்தது. "இன்னு… பொட்டி" என்றது.

குளறலாகத்தான் வந்தது, ஆனால் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஞானத்தாய் பாட்டிலை மூடினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "ஆமா, இன்னும் பொட்டி. இன்னும் நெறயப் பொட்டி கீது" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். எனக்காக வந்துபோன பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அடுத்த நிமிஷமே அழுகை வந்தது. அந்தக் குழந்தை பேசாமல் போக வேண்டும் என்று நினைத்தேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம். பீச் வந்ததும் அவர்கள் கண்ணில் படாமல் இறங்கி ஓடிவிட்டேன்.

அந்த மாத சீசன் டிக்கெட்டுக்கு அவருடைய வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தது. அவர் டிக்கெட்டை நீட்டிவிட்டு, "சாப்புட்டியா?" என்றார். உம் என்றேன். பின்னால் நின்றவர் சீக்கிரம் என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

இதெல்லாம் நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை செய்கிறேன். அதோடு அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளர், மகள் பள்ளியில் பெற்றோர் குழு, பழைய மாணவிகள் சங்கம், கோயிலில் பாட்டு. மறுப்புச் சொல்ல எனக்கும் வராது, 'பார்க்கலாம்' என்பேன். வீட்டுக்காரர் என்னை வீட்டில் பார்ப்பதே அபூர்வம் என்கிறார். மகள் அதைக்கூடச் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் குரல். "இன்னா, கதவத் தொறந்து போட்டுகினு கீறீங்க, வூட்ல யாரும் இல்லியா?" கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. என் ஞானத்தாய்க்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலியோடு காலடிப்பேட்டையில் இருக்கிறார், மூன்று மாடி அவரால் ஏற முடியாது. எட்டிப் பார்த்தால் ஒரு இளம்பெண் நிற்கிறாள். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் மெஷின். கையில் கல்யாணப் பத்திரிகை.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் வேலை செய்கிறாளாம். மாப்பிள்ளையும் அங்கேயேதான். குரல் அவருடையது இல்லை. கொஞ்சம் மூக்கிலும் கொஞ்சம் தொண்டையிலுமாக வருகிற வேறு குரல். ஆனால் பேச்சு அவருடையது. ஏற்றம் இறக்கம், கையை விரிப்பது, மூச்சு விடுகிற இடம்கூட. எங்களுக்கெல்லாம் பேச்சு அம்மாவிடம் கொஞ்சம், தெருவில் கொஞ்சம், ரேடியோவில் கொஞ்சம் என்று வந்தது. இவளுக்கு மொத்தமும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கிறது. முப்பது பேருக்கு ரிஜிஸ்டரில் அவர் பெயர் இருக்கிறது. இவளுக்கு அவருடைய பேச்சே இருக்கிறது.

உட்காரச் சொன்னேன். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள்.

"இத பாருக்கா. முப்பது வூட்டுக்கும் நானே போய்க் கூப்புடறேன்னு ஞானம்மாவாண்ட சொல்லிட்டேன். வேணாம், அவங்கல்லாம் எம்மேல கோவமா இருப்பாங்கன்னு அது சொல்லுது. உங்களாண்டயிருந்து ஞானம்மாவப் புடுங்கிகினு போனவ நான்தானே? நான்தானே வரணும், இன்னா?"

பத்திரிகையைப் பிரித்தேன். தேதியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் சங்கத்தின் ஆண்டு விழா, காலையில் பழைய மாணவிகள் கூட்டம் வேறு. பழக்க தோஷம், "பாக்கலாம்மா" என்றேன், கொஞ்சம் முணுமுணுப்பாக.

"பாக்கலாம்னா எனக்குப் புரியாதுக்கா. நல்லா வாயத் தொறந்து சொல்லு. வர்றியா, வரலியா?"

வருகிறேன் என்று வாயைத் திறந்தே சொன்னேன். அவள் நகராமல் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரிலேயே சங்கத் தலைவருக்கு போன் போட்டு, விழாவுக்கு வர மாட்டேன், இந்த வருஷத்தோடு செயலாளராகவும் இருக்க மாட்டேன் என்றேன். அவர் காரணம் கேட்டார். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். பழைய மாணவிகளுக்கும் அப்படியே. மகள் அறைக் கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டே போன். உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

இன்னும் பதினெட்டு வீடு பாக்கி இருக்கிறது என்று காபியைக் குடித்துவிட்டு அவள் கிளம்பினாள். வாசல் வரை போனேன். இரண்டாவது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாட்டியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்போல. கீழேயிருந்து வந்தது பேச்சு: "இத பாரு ஆயா, ஈரத் துணிய இப்டிப் போட்டா எப்டிக் காயும், நல்லா ஒதறிப் போடு, இன்னா?" ஆயா ஏதோ கேட்க, இவள் அதற்கு மேல் ஒன்று சொல்ல, பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. அன்றைக்கு எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசி வரைக்கும் கேட்டேன்.